யாரும் படிக்காத விடைத்தாள்

என் பெயரில் ஓர் அறை திறக்கப்போகிறார்கள் என்று தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. செத்தவர்கள் பெயரைத்தானே அறைக்கும் கட்டடத்துக்கும் வைப்பார்கள்? நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பதினோராவது மாடியில், கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, முழு உயிரோடு உட்கார்ந்திருந்தேன். "பயிற்சி அறைதான் டாக்டர். சின்ன விழா. சாப்பாடு உண்டு" என்றார் அந்தத் தொழிற்சாலையின் மனிதவள மேலாளர். மலாய்க்காரப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். எதையும் இனிமையாகச் சொல்லத் தெரிந்தவர். சாப்பாடு உண்டு என்றதும் சரி என்றேன்.

நான் தொழில்துறை உளவியலாளர். இதைச் சொன்னால் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இன்றுவரை "பைத்தியம் பாக்குற டாக்டரம்மாவா?" என்றுதான் கேட்கிறார்கள். விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தொழிற்சாலையில் யாரை எந்த வேலைக்கு எடுப்பது, யாரைச் சூப்பர்வைசராக ஏற்றுவது என்பதையெல்லாம் முதலாளியின் மனசுக்குப் பிடித்த ஆள், பிடிக்காத ஆள் என்று பார்க்காமல், கேள்வித்தாள் வைத்துக் கண்டுபிடிப்பது என் வேலை. முப்பது வருடத்துக்கும் மேலாக அதைச் செய்தேன். சிபாரிசு இல்லாத ஏழைப் பிள்ளைக்கு என் கேள்வித்தாள்தான் சிபாரிசு என்று மேடையில் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

என் முதல் பெரிய வேலை கிள்ளான் பக்கம் தகர டப்பா செய்யும் ஒரு தொழிற்சாலையில். அங்கே சூப்பர்வைசர் தேர்வுக்காக நான் தயாரித்த கேள்வித்தாளைத்தான் பிற்பாடு பலரும் எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் நூற்றிருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'அடிக்கடி', 'சில நேரம்', 'ஒருபோதும் இல்லை' என்று மூன்று கட்டங்கள். மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இப்போது என் பெயரில் அறை திறப்பதும் அதே தொழிற்சாலைதான்.

அங்கே என் அண்ணன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். இதை நான் அப்போதைய மேலாளரிடம் சொல்லவில்லை. ஏன் என்று இப்போது கேட்டால், தொழில் நேர்மை என்று பதில் வைத்திருக்கிறேன். உண்மை என்னவென்றால் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் மேலாளரோடு நான் பட்டறைக்குள் நடந்துபோகும்போது அண்ணன் எதிரே வண்டியில் வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, யாரோ எவரோ என்பதுபோல் கடந்துபோனார். எனக்காகத்தான் அப்படிச் செய்தார் என்பது தெரியும். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனார். நான் படித்தேன். அவர் ஃபோர்க்லிஃப்ட்டிலேயே சேர்ந்து ஃபோர்க்லிஃப்ட்டிலேயே ஓய்வு பெற்றார். மேலே வரவேண்டும் என்கிற ஆசை அவருக்குக் கிடையாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். முடிவு கட்டியதோடு நிற்கவில்லை. "எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் இருந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். உந்துதல் இல்லாதவர்கள் இப்படித்தான்" என்று விரிவுரைகளில் அவரை உதாரணமாகவே வைத்திருந்தேன். பெயர் சொல்லமாட்டேன். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு மேலாளர் என்னைத் தொழிற்சாலைக்கு அழைத்தார். கேள்வித்தாளை நிறுவனத்தின் மற்றத் தொழிற்சாலைகளுக்கும் கொடுக்க, விழா மேடையில் நான் ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டுமாம். அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்களாம். அதற்குள் கேள்வித்தாளின் முதல் பிரதி, திருத்தப் பயன்பட்ட அட்டை, முதல் வருடத்தில் யாராவது எழுதிய விடைத்தாள் ஒன்று. பெயரை மறைத்துவிடலாம், பார்க்க அழகாக இருக்கிற தாளாக நீங்களே ஒன்று எடுத்துக்கொடுங்கள் என்றார். எதையும் தூக்கிப்போடத் தெரியாத தொழிற்சாலை அது. பழைய பெட்டிகள் எல்லாம் ஸ்டோர் ரூமில் கரையான்கூடத் தொடாமல் அடுக்கியிருந்தன. எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொடுத்துவிட்டு அவர் கூட்டத்துக்குப் போனார்.

பெட்டியில் இரண்டு கட்டுகள். பச்சை ரப்பர் பட்டை போட்டது தேறியவர்கள். சிவப்பு ரப்பர் பட்டை போட்டது தேறாதவர்களில் ஒரு வகை. அந்தச் சிவப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நூற்றிருபது கேள்விகளுக்கு நடுவே பன்னிரண்டு கேள்விகளைச் சிதறிப் போட்டிருந்தேன். 'என் வீட்டில் உள்ளவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததுண்டு.' 'என் பெற்றோரில் ஒருவரை வெறுத்த நேரம் உண்டு.' 'சின்னப் பொய்கள் சொன்னதுண்டு.' இந்த மாதிரி. மனிதனாகப் பிறந்தவனுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். ஒருவன் வரிசையாக 'ஒருபோதும் இல்லை' என்றே குறித்துக்கொண்டு போனால், அவன் தன்னை நல்லவனாகக் காட்டப் பார்க்கிறான், அவனுடைய மற்ற விடைகளையும் நம்பமுடியாது என்பது கணக்கு. எங்கள் துறையில் இது ஒன்றும் புதிதல்ல. துளையிட்ட அட்டையைத் தாளின்மேல் வைத்து, துளை வழியே தெரியும் குறிகளை எண்ணவேண்டும். எட்டோ அதற்கு மேலோ வந்தால் சிவப்புக் கட்டு. 'மேற்கொண்டு திருத்த வேண்டாம்' என்று வழிமுறையில் நானே எழுதிவைத்தேன். திருத்துகிற இரண்டு கிளார்க்குகளுக்கும் நேரம் மிச்சமாகும் என்று.

பச்சைக் கட்டில் அழகான தாளாக ஒன்றைத் தேடினேன். எல்லாம் கிறுக்கல். சரி, சிவப்பில் பார்ப்போம், யாருக்குத் தெரியப்போகிறது என்று அந்த ரப்பர் பட்டையைக் கழற்றினேன். நாள்பட்ட ரப்பர், இழுத்ததும் அறுந்து மடியில் விழுந்தது. நான்காவதோ ஐந்தாவதோ தாள். தமிழ்த் தாள். பென்சில் குறிகள் ஒவ்வொன்றும் கட்டத்துக்குள் அடங்கி, கோடு தாண்டாமல் இருந்தன. ஆகா இதுதான் என்று மேலே பெயரைப் பார்த்தேன்.

அண்ணன் பெயர். அதற்குப் பின்னால் எங்கள் அப்பா பெயர்.

வேறு யாரோ அதே பெயர்க்காரர் என்று ஒரு நொடி நினைத்தேன். அடையாள அட்டை எண்ணைப் பார்த்தேன். அவருடையதுதான். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்னால், என் கேள்வித்தாள் வந்த முதல் வருடத்திலேயே, அவர் சூப்பர்வைசர் தேர்வு எழுதியிருக்கிறார். என்னிடம் மூச்சுவிடவில்லை. ஆசையே இல்லாதவர் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், கேன்டீனில் உட்கார்ந்து என்னுடைய நூற்றிருபது கேள்விகளுக்கும் பென்சிலைச் சீவிச் சீவிப் பதில் எழுதியிருக்கிறார்.

வீட்டைப் பற்றிய கேள்விகளைத் தேடினேன். கோபம்: ஒருபோதும் இல்லை. வெறுப்பு: ஒருபோதும் இல்லை. பயம்: ஒருபோதும் இல்லை. பன்னிரண்டில் பத்து. ஓரத்தில் கிளார்க்கின் சிவப்பு மை வட்டம், உள்ளே பத்து என்ற எண்.

பொய்தான். எனக்குத் தெரியாதா? எங்கள் அப்பா குடித்துவிட்டு வந்தால் முதல் அடி அண்ணனுக்கு. அம்மாவுக்கு விழவேண்டியதையும் எனக்கு விழவேண்டியதையும் அவர்தான் முதுகில் வாங்கினார். பதினாறு வயதில் ஒருமுறை, தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று நடுங்கியதை நான் கண்ணால் பார்த்தவள். வெறுப்பு ஒருபோதும் இல்லையாம்! என் அட்டை சரியாகத்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த இடத்திலும் என் மூளை அட்டைக்குத்தான் மார்க் போட்டது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

பிறகு தாளைத் திருப்பினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்று நான் மூன்று கோடு விட்டிருந்தேன். மரியாதைக்கு விடுகிற இடம். பெரும்பாலும் யாரும் எழுதமாட்டார்கள். அண்ணன் எழுதியிருந்தார். அப்படியே தருகிறேன்.

'பாப்பா, நான்தான். நீதான் படிப்பேன்னு தெரியும். அப்பா பத்தி கேட்ட எடத்துல எல்லாம் இல்லன்னு போட்டிருக்கேன். வெளி ஆளுங்க கண்ணுல படும்ல. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. மத்த கேள்விக்கெல்லாம் உண்மையாதான் போட்டேன். பாத்துக்கோ.'

ஸ்டூலில் உட்கார முடியாமல் எழுந்தேன். நிற்க முடியாமல் மறுபடி உட்கார்ந்தேன். இருபத்து நான்கு வருடமாக இந்த மூன்று வரி இங்கேயே கிடந்திருக்கிறது. 'மேற்கொண்டு திருத்த வேண்டாம்' என்று நான் எழுதிவைத்த அந்த ஒரு வாக்கியத்தால் இந்தப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை. நான் படிப்பேன் என்று நம்பி எழுதியவர், நான் படித்துவிட்டுத்தான் ஃபெயிலாக்கினேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். இத்தனை வருடமும்!

கட்டில் மீதியிருந்த தாள்களைத் திருப்பிப் பார்த்தேன். பெரும்பாலும் தமிழ்த் தாள்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டங்களின் பெயர்கள். எல்லாரும் எங்களை மாதிரி ஆட்கள். வீட்டைப் பற்றிய கேள்விகள் அத்தனைக்கும் இல்லை, இல்லை, இல்லை.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு எவருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேரி தீவில் செம்பனைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். கையில் நோட்டும் பேனாவுமாக எவர் வந்தாலும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியோ, நர்ஸோ, வாத்தியாரோ, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை தாழ்வாகச் சொல்லமாட்டோம். வீங்கிய கன்னத்தை நர்ஸிடம் காட்டி, வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நானே சொல்லியிருக்கிறேன். எழுதியது ஆபீசுக்குப் போகும், ஆபீசிலிருந்து என்ன வரும் என்று சொல்லமுடியாது, வீடே கைவிட்டுப் போகலாம். பேனாக்காரர் முன்னால் பெற்றவர்களை விட்டுக்கொடுப்பது எங்களிடம் கிடையாது. ஆனால் நான் அந்தப் பன்னிரண்டு கேள்விகளைச் சரிபார்த்தது கோலாலம்பூரில் அலுவலகம் போகிறவர்களையும் பல்கலைக்கழக மாணவர்களையும் வைத்து. அவர்கள் அப்பாமேல் கோபம் உண்டா என்றால் சந்தோஷமாக 'அடிக்கடி' என்று குறித்தார்கள். அதையே தமிழில் மொழிபெயர்த்து என் சொந்த ஆட்களிடம் நீட்டினேன்.

அண்ணனுடைய தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அது தொழிற்சாலையின் சொத்து, எடுத்தது திருட்டு, தெரிந்துதான் செய்தேன். நேரே மேலாளரின் அறைக்குப் போனேன். கேள்வித்தாளில் ஒரு பகுதி தவறு, அதை உடனே நிறுத்தவேண்டும், வேறு தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பதற்கான சம்மதக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று படபடவென்று சொன்னேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"அந்தக் கையெழுத்து விழாவுக்காக ஒரு மரியாதைதான் டாக்டர்" என்றார் ஆங்கிலத்தில். "கேள்வித்தாள் எங்கள் நிறுவனத்துடையது என்று நீங்கள் அப்போதே எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள். அதைச் செயலியாக்கிப் போன மாதமே எங்களுடைய மற்ற நான்கு தொழிற்சாலைகளுக்கும் அனுப்பிவிட்டோம். உங்கள் விதி ஒன்றைக்கூட நாங்கள் மாற்றவில்லை." தன் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அந்தப் பன்னிரண்டில் எட்டாவது 'ஒருபோதும் இல்லை'யைத் தொட்டதும் திரையில் 'நன்றி, உங்கள் தேர்வு முடிந்தது' என்று வந்து மூடிக்கொண்டது. கடைசிப் பக்கம் வரவே இல்லை. அவர் பெருமையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கிராப் டாக்சி பிடித்து பண்டமாரானில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம், சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனைதான். சொல்லாவிட்டால் தங்கை தன்னைத் தள்ளிவிட்டாள் என்ற நினைப்போடேயே அவர் காலம் போகும். சொன்னால் என்ன ஆகும் என்பதை யோசிக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தீபாவளி தவறாமல் முறுக்கு டின்னோடு ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு வருகிறவர். என் வாஷிங் மெஷின் கெட்டால் வந்து பார்க்கிறவர். உள்ளே இவ்வளவு பெரிய குறையை வைத்துக்கொண்டு ஒருவரால் அப்படி வரமுடியுமா?

மத்தியானம் மூன்று மணி இருக்கும். மழை இப்போதோ அப்போதோ என்றிருந்தது. அண்ணன் வீட்டு முன்புறம் கார் நிற்கிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓட்டி இடுப்புப் போய்விட்டது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வா மா, வா வா! உம் பேர்ல ரூமாமே? பழைய ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தானுங்க. நாலு பேரு போன் பண்ணிட்டானுங்க லா காலையிலேருந்து. அண்ணி கோயிலுக்குப் போயிருக்கா. இரு, மைலோ கலக்குறேன்."

"வேணாண்ணே. உக்காருங்க."

"எல்லார்கிட்டயும் சொன்னேன். இந்த ரூமு சும்மா கெடைக்கல. சொந்த அண்ணன்னுகூட பாக்காம ஃபெயிலு போட்டவ எந்தங்கச்சின்னு சொன்னேன்." சிரித்தார். கேலியில்லை, உண்மையான பெருமை. "உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, நானும் எழுதினேன் மா. சொன்னதில்ல. சொன்னா நீ சங்கடப்படுவேன்னு விட்டுட்டேன்."

குறையாக வைத்திருப்பார் என்று நினைத்து வந்தவள் நான். அவர் அதைப் பெருமையாக வைத்திருந்தார். தன் தோல்வியை என் நேர்மைக்கு அத்தாட்சியாக ஆக்கி, இருபத்து நான்கு வருடம் மனதில் வைத்திருந்து, இப்போது ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லாமல் திரும்பிவிடு, இது அவருக்கு மிஞ்சியிருப்பது, இதையும் பிடுங்காதே என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அப்படியே விட்டுவிட்டு அந்தப் பெருமையில் நான் இன்னும் எத்தனை நாள் குளிர்காய்வது? பையைத் திறந்து தாளை அவரிடம் கொடுத்தேன்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் பக்கம். கடைசிப் பக்கம். விரல் அந்த மூன்று வரியில் நின்றது. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இதை இவ்ளோ வருஷமா பத்திரமா வச்சிருந்தியா மா?"

கடவுளே, இதை நான் எதிர்பார்க்கவில்லை. "இல்லண்ணே" என்றேன். "நான் வச்சிருக்கல. ஸ்டோர்ல கெடந்துச்சு. இன்னைக்குத்தான் பாத்தேன்."

"இன்னைக்குத்தான்னா?"

"இன்னைக்குத்தாண்ணே படிச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அன்னைக்கி யாரு படிச்சா?"

"யாரும் படிக்கல."

துளை போட்ட அட்டையைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு கேள்விகளைப் பற்றிச் சொன்னேன். கிளார்க் எண்ணியதையும், எட்டைத் தாண்டினால் பக்கத்தைத் திருப்பவேண்டியதில்லை என்று நான் எழுதிக்கொடுத்ததையும் சொன்னேன். எனக்கே என் குரல் வகுப்பெடுப்பது மாதிரி கேட்டது. நிறுத்தினேன்.

"நீ ஃபெயிலு போடலன்னா, நான் எதுக்கு மா ஃபெயிலானேன்?"

"அப்பா மேல கோவமே வந்ததில்லன்னு போட்டீங்கல்லண்ணே. வீட்ட பத்தி கேட்டதுக்கெல்லாம் இல்ல இல்லன்னு. அப்படிப் போட்டா பொய் சொல்ற ஆளுன்னு நான்தான் வச்சேன்."

தூறல் போட ஆரம்பித்தது.

"பொய்தானே அது" என்றார். "அதான் கீழ உனக்கு எழுதினேனே."

நான் அழுதேன். அவர் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். எப்போதும் தேற்றுவார். இன்று தேற்றவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "மத்தவனுங்க?" என்றார்.

"யாரு?"

"அன்னைக்கி கேன்டீன்ல எங்கூட உக்காந்து எழுதுனவனுங்க. நம்ம ஆளுங்க ஏழு பேரு. ஏழு பேருமே ஃபெயிலாயிட்டானுங்க. அவனுங்களதையும் யாரும் படிக்கலியா?"

"படிக்கலண்ணே. அதே மாதிரிதான்."

அவருடைய முகம் மாறியது. அந்த முகத்தை நான் அதற்குமுன் அவர் அப்பாவுக்கு எதிராக நின்றபோதுதான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரே ஒருமுறை. "அவனுங்க யூனியனுக்குப் போறேன்னானுங்க மா!" என்றார் சத்தமாக. "ஏழு பேரும் ஒண்ணா எப்புடி ஃபெயிலாவோம், என்னமோ தப்பிருக்குன்னு ஒருத்தன் லெட்டரே எழுதி ரெடியா வச்சிருந்தான். நான்தான் வாங்கிக் கிழிச்சுப் போட்டேன். எந்தங்கச்சி ஒவ்வொண்ணா ஒக்காந்து படிச்சிருப்பா, எனக்கே இல்லன்னுட்டா, உங்களுக்கு மட்டும் தப்பா போடுவாளான்னு கேட்டேன். என்னை நம்பி விட்டுட்டானுங்க!"

என் தேர்வை யாராவது ஒருவர் அன்றைக்கே கேள்வி கேட்டிருந்தால், நான் தாள்களைத் திரும்பப் பார்த்திருப்பேன். என்னிடம் வரவேண்டிய அந்தக் கேள்வியை என்மேல் வைத்த நம்பிக்கையால் என் அண்ணனே வழியில் நிறுத்தியிருக்கிறார். இதுதான் நான் கட்டிவிட்டுப் போகிற பெயர்.

அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்து, இடுப்பை அழுத்திக்கொண்டு எழுந்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் பொத்தான் போட்டார்.

"எந்திரி."

"எங்கண்ணே?"

"லெட்டர் எழுதுனவன் வீட்டுக்கு. பின்னாடி ரோடுதான்."

"நீங்க சொல்லிடுங்கண்ணே. நான் நாளைக்கு..."

"நான் சொன்னா அவன் நம்பிடுவான். அதான் சூசாவே, தொல்லையே அதான். எம்மேல கோவப்படவும் மாட்டான். நீ வந்து சொல்லு, அவன் உன்னைக் கேக்கட்டும்."

தூறலில் நடந்தோம். நான் குடையை நீட்டினேன், வாங்கவில்லை. எனக்கு இரண்டடி முன்னால் நடந்தார். என் வாழ்க்கையில் அவர் எனக்காக நிற்காமல் நடந்தது அன்றுதான். பின்தெருவில் ஓரத்து வீடு. இரும்பு கேட்டைப் பிடித்து அண்ணன் பலமாக ஆட்டினார். கைலி கட்டிய ஒருவர், எழுபதை நெருங்கியவர், மெதுவாக வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, தோளில் துண்டைச் சரிசெய்தார். "அட, டாக்டரம்மாவா! வாங்க வாங்க. ரூமு விசயம் கேள்விப்பட்டோம்" என்று ஒரு நாற்காலியைத் துடைக்கத் தொடங்கினார்.

"உக்கார வரல டா" என்றார் அண்ணன். "தங்கச்சி உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

ஆயிரம் பேர் முன்னால் பேசியிருக்கிறேன். இங்கே உள்ளே போகக்கூடத் துணியவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "அண்ணே, உங்க பேப்பர அன்னைக்கி யாரும் படிக்கல" என்றேன்.

அவர் சிரித்த முகத்தோடு தலையாட்டினார். புரிந்ததற்கான தலையாட்டல் இல்லை அது. அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை.

"சத்தமா சொல்லு. முப்பத்தஞ்சு வருஷம் டப்பா சத்தத்துல நின்னவன். ரெண்டு காதும் போச்சு."

"உங்க பேப்பர யாரும் படிக்கலண்ணே!" என்று கத்தினேன். எதிர்வீட்டில் மழைக்குத் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டைக் கீழே வைத்துவிட்டு, காதருகே கையைக் குவித்துக்கொண்டு, இன்னும் ஓர் அடி கேட்டை நோக்கி வந்தார்.